‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு வாட்ச் கடைக்காரர்: யார் இந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ?

குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் என்று கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது போலீஸ் துப்பாக்கி எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும். முனைவரை மரக்கட்டை போர்த்தியது, நல்ல கனம், ஒவ்வொரு முறை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டியது. பெயர் ‘த்ரீ நாட் த்ரீ’. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்த இழுத்துத் தள்ளும் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

உத்தரப் பிரதேச போலீஸ் இந்தத் துப்பாக்கிக்கு விடை கொடுத்தது 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்பில்தான். பிரிட்டிஷ் ராணுவம் .303 ரைஃபிளை முதன்முதலில் ஏற்றுக்கொண்டது 1888-ல். நடுவில் 130 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நம் கையில் இருக்கும் போன் மூன்று வருஷம் தாண்டினாலே பேட்டரி மாற்றலாமா, புதுசு வாங்கலாமா என்று யோசிக்கிறோம். ஓர் இயந்திரம் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது?

அது அசைக்க முடியாத உறுதியோடு செய்யப்பட்டது என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி, தேய்ந்துபோகும் சின்னச் சின்ன பாகங்களைக் கழற்றி வேறு போட முடிந்தது என்பது. அந்தத் துப்பாக்கியின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதர், தொழிலால் ஒரு கடிகாரக்காரர்.

அரைப்பென்னி காசில் ஒரு பாகம்

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831 ஆகஸ்ட் 9 அன்று ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் பிறந்தார். ‘பாரிஸ்’ என்பது பிரான்ஸ் தலைநகரைக் குறிப்பதல்ல, அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர். லீக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் கப்பலேறி கனடாவின் ஆண்டாரியோவில் உள்ள கால்ட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ஜார்ஜ் லீ அங்கே கடிகாரமும் நகையும் செய்யும் கடை நடத்தினார்.

பன்னிரண்டு வயதில் லீ தன் முதல் துப்பாக்கியைச் செய்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பழைய குதிரைவீரர் பிஸ்டல் ஒன்றின் குழாய், தானே செதுக்கிய வால்நட் கட்டை, மருந்து வைக்கும் கிண்ணத்துக்கு ஓர் அரைப்பென்னி காசு. சுட்டுப் பார்த்ததில் துப்பாக்கியைவிடப் பையனுக்குத்தான் அடி அதிகம். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பையன் முழுத் துப்பாக்கியையும் செய்யவில்லை. கையில் கிடைத்த பழசுக்கு, இல்லாத பாகத்தை மட்டும் செய்து சேர்த்தான். பிற்காலத்தில் அவர் யோசித்த விதமும் இதேதான்.

அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டு பதினேழு வயதில் சாத்தம் ஊருக்குப் போய்த் தனியாகக் கடை போட்டார். கரோலின் கிரைஸ்லர் என்ற பெண்ணை மணந்தார். 1858-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு நகர்ந்தார். அங்கேயும் வாட்ச் ரிப்பேர்தான் பிழைப்பு, துப்பாக்கி என்பது ராத்திரி வேலை.

வாட்ச் ரிப்பேர் செய்கிறவருக்குப் பழகிப்போன சில விஷயங்கள் உண்டு. மெல்லிய ஸ்பிரிங் எங்கே உடையும், எந்தப் பல் முதலில் தேயும், எந்தத் திருகைக் கழற்றினால் மற்றதைத் தொடாமல் வேலையை முடிக்கலாம். பீரங்கி வார்க்கிறவருக்கு இது தேவைப்படாது. லீயின் வடிவமைப்புகளில் இந்தக் கடிகாரக் கண் கடைசிவரை தெரிகிறது என்பது என் எண்ணம்.

அரை மில்லிமீட்டரில் போன கம்பெனி

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. குழாயின் முன்பக்கம் வழியாக மருந்தைக் கொட்டிக் குச்சியால் இடிக்கும் துப்பாக்கிகள்தான் அப்போது பெரும்பாலும் இருந்தன. பின்பக்கத்தில் திறந்து தோட்டாவைப் போடும் முறைக்கு லீ 1862-ல் காப்புரிமை வாங்கினார். போர் முடியும் தறுவாயில், 1865-ல், ராணுவம் அவரிடம் 1,000 கார்பைன்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மில்வாக்கியில் கம்பெனி தொடங்கினார்.

பிறகு வந்தது வில்லங்கம். குழாயின் அளவு 0.44 அங்குலம் இருக்க வேண்டும், வந்திருப்பது 0.42 என்று சொல்லி ராணுவம் வாங்க மறுத்தது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். கம்பெனி வேட்டைத் துப்பாக்கிகளாக விற்றுப் பார்த்தது, எடுபடவில்லை. சில ஆண்டுகளில் கதவை மூடிவிட்டார்கள். பாகத்தின் அளவு என்பது பேச்சுவார்த்தைக்கு இடமில்லாத விஷயம் என்பதை லீ காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி. பதினெட்டாம் நூற்றாண்டுவரை உலகம் முழுவதும் துப்பாக்கி என்பது கைவேலை. நம் பாளையக்காரர்களின் துப்பாக்கியும் சரி, பிரிட்டனின் பர்மிங்ஹாம் பட்டறையில் செய்ததும் சரி, ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி ராவிப் பொருத்துவார்கள். ஒன்றின் திருகு இன்னொன்றில் ஏறாது. போர்க்களத்தில் ஒரு விசை உடைந்தால் கொல்லர் வந்தாக வேண்டும். எந்தத் துப்பாக்கியின் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்ற யோசனை 1780-களில் பிரான்ஸில் ஒனோரே பிளாங்க் என்பவரிடம் உருவெடுத்தது. அப்போது பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதை நேரில் பார்த்து அமெரிக்காவுக்கு எழுதினார். அமெரிக்க அரசு ஆயுதச் சாலைகள் பல பத்தாண்டுகள் போராடி அதை நடைமுறையாக்கின. 1850-களில் பிரிட்டன் அந்த இயந்திரங்களை அமெரிக்காவிலிருந்து வாங்கி லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் நிறுவியது. இன்று டிவிஎஸ் 50-க்கு எந்த ஊர்க் கடையிலும் ஸ்பேர் வாங்கி மாட்ட முடிகிறதே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

தகரப் பெட்டி

கம்பெனி போனாலும் லீ விடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ரெமிங்டன் நிறுவனத்தோடு வேலை செய்தார், பிறகு கனெக்டிகட் பக்கம் போனார். 1874-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலர் ஒதுக்கி அவருடைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளை அரசு ஆயுதச் சாலையில் செய்து பார்க்கச் சொன்னது. செய்தது 143 மட்டும். அதுவும் அப்படியே நின்றது.

அவரை வரலாற்றில் நிறுத்தியது 1879 நவம்பர் 4 அன்று கிடைத்த காப்புரிமை. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மடித்த எஃகுத் தகட்டில் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே வளைந்த ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு தட்டு. தோட்டாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் துப்பாக்கியின் அடிவயிற்றில் சொருகிவிடலாம். போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் மேலே இருக்கும் தோட்டா குழாய்க்குள் போகும், அடுத்தது மேலே ஏறும்.

அதற்கு முன்பு பல தோட்டா வைக்கும் ரைஃபிள்களில் குழாய்க்கு அடியிலோ பின்கட்டைக்குள்ளோ இன்னொரு நீளக் குழாய் இருக்கும். தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் வெடிக்கும் முதுகில் முட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஆபத்து. மறுபடி நிரப்பவும் நேரமாகும். லீயின் பெட்டி இந்த இரண்டையும் தீர்த்தது. கழற்றி மாட்டும் மேகசின் என்று இன்று எந்தத் துப்பாக்கியில் பார்த்தாலும் அதன் வம்சாவளி இந்தத் தகரப் பெட்டிக்குப் போகும்.

அதிர்ஷ்டம் மட்டும் பழையபடிதான். அமெரிக்கக் கடற்படை 300 ரைஃபிள் கேட்டது. செய்துகொண்டிருந்த ஷார்ப்ஸ் கம்பெனி நொடித்து 1881-ல் மூடப்பட, மிச்ச வேலையை ரெமிங்டன் எடுத்துக்கொண்டது. அமெரிக்கத் தரைப்படை சோதித்துப் பார்த்துவிட்டுப் பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளோடு திருப்தியாக இருந்துவிட்டது. 1892-ல் மாறியபோதும் நார்வே நாட்டு வடிவமைப்பைத்தான் எடுத்தது.

அவரைத் தூக்கிவிட்டது பிறந்த மண்ணை ஆண்ட அரசு. நீண்ட சோதனைகளுக்குப் பிறகு 1888 டிசம்பரில் பிரிட்டன் லீயின் போல்ட்டையும் மேகசினையும் எடுத்துக்கொண்டது. வில்லியம் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர் வடிவமைத்த குழாயை அதோடு சேர்த்தார்கள். குழாய் விட்டம் 0.303 அங்குலம், அதாவது ஏழே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெயர் லீ-மெட்ஃபோர்டு. புதிதாக வந்த கார்டைட் என்ற புகையில்லா மருந்தின் சூட்டில் மெட்ஃபோர்டின் ஆழமில்லாத வரிகள் சீக்கிரமே தேய்ந்தன. 1895-ல் என்ஃபீல்டு ஆலை ஆழமான வரிகளோடு குழாயை மாற்றியது, மெட்ஃபோர்டின் பெயர் போனது. லீ-என்ஃபீல்டு பிறந்தது. ஒரு பாகம் மாறியதில் ஒரு மனிதரின் பெயரே கழன்றுபோனது. லீயின் பாகம் நிலைத்தது, பெயரும் நிலைத்தது.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ராணுவம் அந்த மேகசினைக் கழற்றவே விடவில்லை. தொலைத்துவிடுவார்கள் என்று சங்கிலி போட்டுத் துப்பாக்கியோடு கட்டிவைத்தது. வீரர்கள் தோட்டாவை வீணாக்கிவிடுவார்கள் என்று பயந்து, மேகசினை மூடும் ஒரு தகட்டையும் வைத்தது. ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும், பெட்டியில் இருப்பதை அவசரத்துக்கு மட்டும் திறக்கலாம். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் ரைஃபிள் தேவைப்பட்டபோது, நேரத்தை மிச்சப்படுத்த அந்தத் தகட்டைச் செய்வதையே விட்டுவிட்டார்கள். யாரும் அதைத் தேடியதாகத் தெரியவில்லை.

ஒரு முடி கனம்

சரி, உதிரி பாகம் விஷயத்துக்கு வருவோம். இந்த ரைஃபிளில் அடிக்கடி போகக்கூடியவை எல்லாம் விரல் நுனியில் வைக்கும் அளவுதான். வெற்றுத் தோட்டாவைக் கவ்வி வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், அதை அழுத்திப் பிடிக்கும் சின்னஞ்சிறு ஸ்பிரிங், தோட்டாவைத் தட்டிவிடும் ஒரு திருகு, தோட்டாவின் முதுகைக் குத்தும் ஊசி, மேகசினின் மடித்த உதடுகள். உதடு லேசாக வளைந்தாலே தோட்டா சிக்கிக்கொள்ளும். பட்டாளத்திலும் போலீஸிலும் ‘ஆர்மரர்’ என்று ஒருவர் இருப்பார். இதையெல்லாம் பார்ப்பது அவர் வேலை.

எல்லாவற்றையும்விட நுட்பமானது போல்ட்டின் தலை. தோட்டா வெடிக்கும்போது பின்பக்க அழுத்தத்தைத் தாங்குவது போல்ட்தான். தோட்டாவுக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மிகக் குறைவு. ஆயிரக்கணக்கில் சுட்டுச் சுட்டு உலோகம் தேயும்போது அந்த இடைவெளி விரியும். அளவுக்கு மேல் விரிந்தால் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கித் திரும்பும். பல ரைஃபிள்களில் இதைச் சரிசெய்யக் குழாயையே கழற்ற வேண்டும். லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றும்படி இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ‘எண் 4’ மாடலில் இந்தத் தலைகளை 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகளில் செய்தார்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் சுமார் 0.003 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். இடைவெளி விரிந்தால் ஆர்மரர் அளவுகோல் வைத்துச் சோதித்து, பழைய தலையைக் கழற்றி அடுத்த எண்ணைப் போட்டுவிடுவார்.

அதற்காக எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. போல்ட்டின் உடல் அந்தந்தத் துப்பாக்கிக்கே பொருத்தப்பட்டது. துப்பாக்கி எண்ணும் போல்ட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி பத்து துப்பாக்கிகளைத் துடைத்து வைக்கும்போது போல்ட் இடம் மாறினால் அது சாதாரணத் தவறு இல்லை.

இந்த அளவு ஒழுங்கு இல்லாமலும் லீ-என்ஃபீல்டு செய்கிறவர்கள் உண்டு. பாகிஸ்தானில் பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவே உள்ள தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வீட்டுப் பட்டறைகளில் அரமும் சுத்தியலும் வைத்தே பிரிட்டிஷ் ரைஃபிள்களை நகல் எடுத்தார்கள். பிரிட்டிஷ் கிரீடம், ஆலைப் பெயர் எல்லாம் பொறித்திருப்பார்கள். என்ன, சிலவற்றில் எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும். கைத்திறன் அசாத்தியம்தான். ஆனால் கையால் ராவிப் பொருத்தியதன் பாகம் அடுத்ததில் அப்படியே உட்காரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொன்றும் தனிப் பிறவி. கதை பிளாங்குக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிவிடுகிறது.

அவர் போன வருஷம், இவர்கள் தொடங்கிய வருஷம்

1895-ல் அமெரிக்கக் கடற்படை லீயின் இன்னொரு ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. தாமதமாக வந்த சின்ன ஆறுதல். 1904 பிப்ரவரி 24 அன்று கனெக்டிகட்டின் கடலோர ஊரான ஷார்ட் பீச்சில் லீ காலமானார். வயது 72. இன்று நாம் படங்களில் பார்க்கும் குட்டை முகவாய் கொண்ட பிரபல மாடல் முழு வடிவம் பெற்றது 1907-ல். தன் பெயர் எத்தனை கைகளில் புழங்கப்போகிறது என்று அவர் பார்க்கவில்லை. எல்லா ரகமும் சேர்த்துச் சுமார் 1.7 கோடி செய்யப்பட்டிருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அதே 1904-ல்தான் கல்கத்தாவுக்கு வடக்கே இசாப்பூரில் ரைஃபிள் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கேயே லீ-என்ஃபீல்டு உருவாகத் தொடங்கியது. ரைஃபிள் உள்ளூரில் உருவானால் உதிரி பாகமும் உள்ளூரில் கிடைக்கும். இந்தியாவில் இது நூறு ஆண்டு தாண்டி ஓடியதன் முக்கியக் காரணம் இதுதான்.

அது யாரைப் பார்த்து நீட்டப்பட்டது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் டயரின் ஆட்கள் சுட்ட 1,650 தோட்டாக்களும் .303 ரகம். பின்னர் மலேயாவில் பிரிட்டிஷாரிடமிருந்து பிடிபட்ட அதே ரைஃபிள்களைத்தான் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் தூக்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இசாப்பூர் நிறுத்தவில்லை. 1962 சீனப் போருக்குப் பின், அதே வடிவத்தை வலுவான எஃகில் செய்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றினார்கள். காவலர்களுக்காக, மேகசினில் மரக்கட்டையை அடைத்து ஒற்றைத் தோட்டா மட்டும் போடும்படி மாற்றிய .410 மஸ்கட்டும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உண்டு. ஆளுபவர்கள் பாதி நம்பிக்கையோடு கொடுத்த துப்பாக்கி என்று அதைச் சொல்லலாம். ராணுவத் தோட்டா பொதுமக்களுக்குத் தடை என்பதால், அதே லீ போல்ட்டை வைத்து .315 ரகத்தில் உரிமம் உள்ளவர்களுக்கு விற்கும் ரைஃபிளும் வந்தது.

கரிசலில் செய்தால் என்ன?

இதைப் படிக்கும் கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு ஒரு கேள்வி வரலாம். தீப்பெட்டி மெஷினுக்கும் பஞ்சாலைக்கும் தேய்ந்த பாகத்தைப் பார்த்தே புதுசு கடைந்து கொடுக்கிற கடைசல் பட்டறைகள் நம் ஊரில் இருக்கே, ஒரு எக்ஸ்ட்ராக்டர் செய்ய முடியாதா?

கை செய்யும். சட்டம் விடாது. இந்த மண்ணில் அந்தச் சட்டத்துக்கு நீண்ட கதை இருக்கிறது. 1799-ல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது கட்டபொம்மனோடு நின்ற நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களையும் கம்பெனி பறிமுதல் செய்தது. ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி 1801-ல் கோட்டையைத் திரும்பக் கட்டிச் சண்டையிட்டுத் தோற்ற பிறகு, அந்த டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்படும், மக்கள் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி, ஈட்டி செய்துவந்த கொல்லுப்பட்டறைகளுக்கு அதன் பிறகு கலப்பைக் கொழுவும் வண்டிப் பட்டையும்தான் மிஞ்சின. 1878-ல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு வேண்டாம் என்றது.

இப்போது நடைமுறையில் இருப்பது 1959 ஆயுதச் சட்டம். இதில் ‘ஆயுதம்’ என்பதற்கான விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். அதாவது ஒரு போல்ட் தலையைத் தனியாகக் கடைந்து மேசையில் வைத்தாலும், சட்டத்தின் பார்வையில் அது ஆயுதம். உரிமம் இல்லாமல் செய்தாலோ, ரிப்பேர் பார்த்தாலோ குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி வீட்டில் இருந்து அதில் ஏதாவது உடைந்திருந்தால், தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ, பழுதுபார்ப்பவரிடமோதான் போக வேண்டும். உரிமம் இறந்தவர் பெயரிலேயே இருந்தால் முதலில் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

அரசுக்காக ரைஃபிள் செய்யும் ஆலை தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இன்று இசாப்பூரோடு சேர்ந்து ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே இப்போது உருவாவது தானாகவே அடுத்தடுத்துச் சுடும் புதிய ரகங்கள். போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் அடியில் சொருகும் பெட்டி மட்டும், ஸ்பிரிங்கும் தட்டும் மடித்த உதடுமாக, 1879-ல் அந்தக் கடிகாரக்காரர் வரைந்து கொடுத்த அதே ஏற்பாடுதான்.